கேட்காமல் கொடுத்த தாலாட்டு

ஜனவரி 9

அன்புள்ள வள்ளலுக்கு,

நீயும் டீச்சரும் பாப்பாவும் சுகமாக இருப்பதாக நானே முடிவு செய்துகொண்டேன். நீ எழுதினால்தானே தெரியும்? மின்னஞ்சல் அனுப்பி அனுப்பிச் சலித்துப்போய் உன் மனைவிக்குப் போன் போட்டேன். "பெட்டியைத் திறந்தாலே யாராவது திட்டி எழுதியிருக்காங்க அண்ணி. அதுக்குப் பயந்துகிட்டு இப்பல்லாம் திறக்கிறதே இல்ல," என்றாள். கணக்கு டீச்சர், கூட்டிச் சொல்ல மாட்டாள். அதனால்தான் தாளும் பேனாவும் எடுத்தேன். தபாலில் வரும் உறைக்குள் இருந்துகொண்டு "உங்கள் மென்பொருளில் மூன்றாம் பக்கம் அச்சாகவில்லை" என்று யாரும் கத்த மாட்டார்கள். தைரியமாகப் பிரி.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. இசையைக் கணினியில் எழுதி அச்செடுக்க ஒரு மென்பொருள் செய்தாய். சல்லிக் காசு வாங்காமல் உலகத்துக்கே கொடுத்தாய். சும்மா வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு எங்கிருந்து இவ்வளவு கோபம் வருகிறது? எனக்குக் காசு கொடுக்கிறவர்கள்கூட இந்த அளவு வாய் காட்டுவதில்லை.

பெரிய மாமா வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். விருந்தில் நான் வயலின் வாசிக்க வேண்டுமாம். "நம்ம வீட்டுப் பொண்ணுதானே" என்று ஆரம்பித்தார். என் கட்டணத்தைச் சொன்னேன். "மீட்டரைப் போட்டுட்டாளா?" என்று சிரித்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் வாரிக் கொடுப்பதால் நீ வள்ளல், சொந்தக்காரர்களிடமே காசு கேட்பதால் நான் மீட்டர். இருக்கட்டும். சும்மா வாசித்த காலத்தில் என்னைக் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். பாதி வாசிப்பில் "கொஞ்சம் தள்ளிக்கம்மா, மேசையை நகர்த்தணும்" என்றார்கள். காசு என்று வாயைத் திறந்த பிறகுதான் நாற்காலி வந்தது, மின்விசிறி வந்தது. நான் வில்லைக் கையில் எடுத்தால் பேச்சு நிற்கிறது. காசைவிட எனக்கு அதுதான் பெரிது. உனக்கு இது ஏறாது என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

நல்ல செய்தியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். குழந்தைகளுக்குத் தொலைக்காட்சித் தொடர் எடுக்கும் நிறுவனம் ஒன்று முகப்பு இசைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறது. இத்தனை வருடமாக மற்றவர்களின் பாட்டுக்கு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து வாசித்தவள் நான். இது என் இசை, என் பெயரோடு. பாப்பா பிறந்த புதிதில் உங்கள் வீட்டில் வந்து தங்கினேனே, அப்போது அவளைத் தூங்கவைக்க ஒரு தாலாட்டுப் போட்டேன், நினைவிருக்கிறதா? அதைத்தான் கொண்டுபோகப் போகிறேன். அதைவிட நல்ல மெட்டு எனக்கு அதற்கப்புறம் வரவில்லை.

அத்தான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். அவருடைய பட்டறையில் செயற்கைப் பல் வேலை குவிந்து கிடக்கிறது. பல்லை யாரும் இலவசமாகக் கேட்பதில்லை, கொடுத்துவைத்தவர்.

பதில் போடு.
மீட்டர் அக்கா

*

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பாப்பா பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். அவள் படித்து முடித்த பிறகுதான் எனக்குக் கிடைத்தது.

முதுகுவலிக்கு நின்றுகொண்டே வேலை செய்யச் சொல்லியிருக்கிறார் வைத்தியர். அதற்குத் தனி மேசை வாங்க வேண்டாமென்று துணி தேய்க்கும் பலகை மேல் மடிக்கணினியை வைத்திருக்கிறேன். டீச்சர் காலையில் சேலை தேய்க்க வந்தால் நான் ஆபீஸைக் காலி செய்ய வேண்டும். இந்த லட்சணத்தில்தான் உலகத்துக்குச் சேவை நடக்கிறது, சிரித்துக்கொள்.

திட்டுகிறார்கள்தான், அக்கா. ஆனால் திட்டாதவர்களும் இருக்கிறார்கள். கண் தெரியாத ஒருவர், எழுத்தைப் படித்துச் சொல்லும் வசதியைத் தானே எழுதிச் சேர்த்துக் கொடுத்தார். பணம் வாங்கியிருந்தால் அவர் எனக்கு வாடிக்கையாளர், குறை சொல்லிவிட்டுப் போயிருப்பார். இப்போது கூட்டாளி. இதுபோல என்னோடு சேர்ந்து சம்பளமில்லாமல் உழைக்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. விலை என்று ஒன்றைப் போட்டால் இந்தக் கூட்டம் கலைந்துவிடும். உனக்கு நாற்காலி எப்படியோ, எனக்கு இவர்கள் அப்படி.

தொலைக்காட்சி விஷயம் கேட்டுத் துள்ளிக் குதித்தேன், முதுகு பிடித்துக்கொண்டது. அந்தத் தாலாட்டா? அதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது. உனக்கு ஒரு ரகசியம் சொல்லட்டுமா? அது ஏற்கெனவே உலகம் சுற்றிக்கொண்டிருக்கிறது. என் மென்பொருளை முதல் தடவை திறக்கிறவர்களுக்கு மாதிரியாக ஒரு பாட்டு வரும். போன பதிப்பிலிருந்து உன் தாலாட்டைத்தான் வைத்திருக்கிறேன். பாப்பாவின் தொட்டில் பக்கத்தில் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம், உட்கார்ந்து எழுதிவிட்டேன். இசையமைத்தவர் என்ற இடத்தில் "அக்கா" என்று போட்டேன். நீ இன்னும் பழைய பதிப்பையே கட்டிக்கொண்டு அழுவதால் பார்த்திருக்க மாட்டாய். என்றாவது புதியதைப் போட்டுத் திறந்து பார்த்து நீயே ஆச்சரியப்பட வேண்டும் என்று சொல்லாமல் இருந்தேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி

*

பிப்ரவரி 2

தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள் நான் அந்த நிறுவனத்துக்குப் போய் வந்துவிட்டேன்.

கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. இசைப் பொறுப்பாளர் உன் வயதுதான் இருப்பார். தண்ணீர் கொடுத்தார், நாற்காலி போட்டார். நான் வாசித்தேன். முதல் வரி முடிவதற்குள் அவர் முகத்தில் ஒரு சங்கடம் வந்தது. நிறுத்தச் சொல்லாமல் கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு தன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி ஒரு பொத்தானை அழுத்தினார். என் தாலாட்டு அதிலிருந்து வந்தது, பொம்மைக் குரலில்.

"இது எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரிப் பாட்டும்மா. இதைப் போய் உங்க பாட்டுன்னு..." என்று இழுத்தார். என் பாட்டுத்தான் என்றேன். அவர் திரையைத் தொட்டுக் காட்டினார். "இங்க அக்கான்னு போட்டிருக்கு. யாரு இந்த அக்கா?"

"நான்தான் அக்கா," என்றேன்.

சின்னக் குழந்தை பொய் சொன்னால் பார்ப்போமே, அப்படிப் பார்த்தார். அவர் மேல் தப்பில்லை, அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன். வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. என் சொந்தப் பாட்டைத் திருடியவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன், எப்படிச் சொல்வது? மறுநாள் உன் கடிதம் வந்தது. என்னை ஆச்சரியப்படுத்த நினைத்தாயாம். ஆச்சரியப்பட்டாயிற்று.

உனக்குக் கொடுக்க ஆசையிருந்தால் உன்னுடையதைக் கொடு. உன் முதுகை உடைத்துக்கொண்டு கொடு, உன் பெண்டாட்டி சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டு கொடு, நான் ஒரு வார்த்தை சொன்னேனா? என்னுடையதை எடுத்துக் கொடுக்க உனக்கு யார் உரிமை தந்தது? ஒரு போன் போட்டிருக்கலாம். "அக்கா, கொடுக்கட்டுமா?" என்று கேட்க எத்தனை நேரம் ஆகும்?

இதற்கு மேல் எழுதினால் வேண்டாததெல்லாம் வரும்.

அக்கா

*

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ "வள்ளல்" என்று கூப்பிடாமல் எழுதிய முதல் கடிதம் இது. டீச்சர் படித்துவிட்டுத் தட்டை மேசை மேல் ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள். நான் சமாதானம் எதுவும் சொல்லப்போவதில்லை. அந்தப் பாட்டை வீட்டுப் பொருள் என்றே நினைத்துவிட்டேன். நம் வீட்டில் என் சட்டையை நீ போட்டுக்கொள்வாய், உன் சைக்கிளை நான் எடுத்துக்கொண்டு ஓடுவேன், யார் யாரைக் கேட்டோம்? அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. அது உன் தொழில் என்பது மண்டையில் ஏறவே இல்லை. தப்பு என்னுடையது, அக்கா. மன்னித்துவிடு.

இரண்டு காரியம் செய்திருக்கிறேன். அந்த நிறுவனத்துக்கு என் கையெழுத்தோடு ஒரு கடிதம் அனுப்பிவிட்டேன். மென்பொருளை எழுதியவன் நான், அதில் அக்கா என்று இருப்பவர் என் உடன்பிறந்த அக்கா, பாட்டு முழுக்க அவருடையது என்று. இதைவிட வேடிக்கையான சான்றிதழை நான் எழுதியதில்லை. அடுத்து, புதிய பதிப்பிலிருந்து பாட்டை எடுத்துவிட்டேன். ஆனால் ஏற்கெனவே போனதைத் திரும்ப வாங்க முடியாது. "யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம்" என்று நான்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

பாட்டை எடுத்த இரண்டாம் நாளே எங்கே போயிற்று என்று கேட்டு எழுதத் தொடங்கிவிட்டார்கள். பிரசவ வார்டில் வேலை செய்யும் ஒரு நர்ஸ், தினமும் சாயங்காலம் குழந்தைகளுக்கு அதைத்தான் போடுவாராம். என் தப்பைச் சின்னதாக்க இதைச் சொல்லவில்லை. உன் பாட்டைப் பற்றி ஒருவர் சொன்னது உனக்குச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

தம்பி

*

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

கோபம் தீரவில்லை, ஆனால் உட்கார்ந்துவிட்டது. அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பல் வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "சைக்கிள் எடுத்துட்டுப் போனவன்தானே, இவ்வளவு பெரிய வண்டியா எடுப்பான்னு நீ எதிர்பார்க்கல," என்றார். சிரித்துவிட்டேன். அதிலிருந்து கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

உன் கடிதம் வேலை செய்தது. அந்த இசைப் பொறுப்பாளர் தானே போன் செய்து மன்னிப்புக் கேட்டார். மறுபடி போனேன். இந்தத் தடவை அவர்களுடைய வக்கீலும் இருந்தார். தாலாட்டு அவர்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நான் கேட்க நினைத்ததைவிட அதிகமாகவே தருகிறார்கள், ஒவ்வொரு நாளும் முகப்பில் என் பெயர் வரும். ஆனால் பாட்டு அவர்களிடம் மட்டும்தான் இருக்க வேண்டும். அதற்கு நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். என் அனுமதி இல்லாமல், என்னைக் கேட்காமல், என் தம்பி அதை வெளியிட்டான் என்று. அது இருந்தால், வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் நோட்டீஸ் அனுப்பி எடுக்கவைப்பார்களாம். முதல் நோட்டீஸ் உனக்கு. நான் சம்மதித்துத்தான் நீ கொடுத்தாய் என்றால் ஒன்றும் செய்ய முடியாதாம், பாட்டு ஊர்ப் பொதுவாகிவிடுமாம்.

தாளில் ஒரு சொல் பொய் இல்லை. வரிக்கு வரி உண்மை. பின்னே ஏன் பேனாவை எடுக்கக் கை வரவில்லை என்று தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று தாளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? எனக்கு இந்த வேலை வேண்டும். பொறாமையாகச் சொல்லவில்லை, என்னோடு வாசித்தவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள், நான் மின்தூக்கி ஓடும் சுவருக்குப் பக்கத்து அறையில், சத்தம் கேட்காமலிருக்க முட்டை அட்டை ஒட்டிப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன். இன்னொரு தடவை இப்படி ஒரு கதவு திறக்காது. அதே சமயம் உனக்கு நோட்டீஸ் வந்து, பாப்பா கதவைத் திறந்து வாங்குவதை நினைத்தால் தாளை மறுபடி மடித்து வைத்துவிடுகிறேன்.

நீயே சொல். நான் என்ன செய்யட்டும்?

அக்கா

*

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கையெழுத்துப் போடு. நடந்தது அதுதானே. டீச்சரும் அதையே சொல்கிறாள்: "எடுத்ததுக்கு இதையாவது செய்யுங்க." நோட்டீஸ் வந்தால் நானே வாங்கிக்கொள்கிறேன், பாப்பாவைக் கதவுப் பக்கம் விட மாட்டேன்.

எனக்கு என்ன ஆகும் என்று கேட்பாய். பெரிதாக ஒன்றும் ஆகாது. கூட வேலை செய்கிறவர்கள் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். நான் கொடுப்பதெல்லாம் என்னுடையது என்று நம்பித்தான் அவர்கள் என்னோடு இருக்கிறார்கள். கண் தெரியாதவர் என்று சொன்னேனே, அவர் கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. சிலர் போவார்கள். எல்லோருமே போனாலும் துணி தேய்க்கும் பலகை டீச்சருக்குத் திரும்பக் கிடைக்கும், அவளுக்குச் சந்தோஷம்தான்.

உன் பெயரைத் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும், அக்கா. தாமதிக்காதே.

தம்பி

*

ஏப்ரல் 6

அன்புள்ள வள்ளலுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பெரிதாக ஒன்றும் ஆகாது என்று ஆரம்பித்து, எல்லோரும் போய்விடுவார்கள் என்று முடித்திருக்கிறாய். சின்ன வயதில் முழங்காலில் அடிபட்டுக்கொண்டு வந்தால் இப்படித்தான் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே நொண்டுவாய்.

தாளைக் கையெழுத்துப் போடாமலே அவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கூடவே என் கைப்பட ஒரு கடிதமும். என் தம்பி முதலிலேயே என்னைக் கேட்டான், நானும் சரி என்றேன், இடையில் மறந்துவிட்டேன் என்று எழுதினேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். இந்தப் பாட்டு விஷயத்தில் மாற்றி மாற்றிப் பேசியவள் என்று இனி அந்த வட்டாரத்தில் என் பெயர் அடிபடும். பரவாயில்லை. என் வாழ்க்கையில் ஒருவருக்கும் எதையும் இலவசமாகக் கொடுத்ததில்லை என்று சொல்வீர்களே, வக்கீலுக்கு எழுதிய பொய்யை உனக்கு இலவசமாகக் கொடுத்தேன்.

கதை அதோடு முடியவில்லை. போன வாரம் அவர்களிடமிருந்து மரியாதையாக ஒரு கடிதம் வந்தது. பாட்டு எல்லோருக்கும் பொது என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டதால், அதையே முகப்பு இசையாக வைத்துக்கொள்கிறார்களாம். கட்டணம் தேவைப்படாதாம். பெயரும் போட மாட்டார்கள், போட வேண்டிய கட்டாயம் இல்லையாம். நன்றி என்று முடித்திருந்தார்கள்.

இது எனக்குத் தோன்றவே இல்லை, பார். நர்ஸுக்கும் கண் தெரியாதவருக்கும் கொடுக்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவுக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறாய்.

அழுதேன். வேலை போனதற்குத்தான் அழுதேன், உனக்காக இல்லை, தப்பாக நினைத்துக்கொள்ளாதே. அத்தான் அன்று பட்டறைக்குப் போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இப்போது தேறிவிட்டேன். பாட்டுக்குக் காசு கேட்பதை நான் விடப்போவதில்லை, முன்னைவிடக் கூட்டித்தான் கேட்பேன். நீயும் உன் கொள்கையை எனக்காக மாற்றிக்கொள்ள வேண்டாம். முதுகை மட்டும் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியதைப் படித்துவிட்டு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இப்படிச் செய்வாய் என்று தெரிந்திருந்தால் அடுத்த பேருந்திலேயே கிளம்பி வந்து உன் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட வைத்திருப்பேன். உனக்கும் அது தெரியும், அதனால்தான் முடித்துவிட்டுச் சொன்னாய்.

அந்த நிறுவனத்துக்கு நான் எழுதினேன். பணம் தராவிட்டாலும் பெயரையாவது போடுங்கள் என்று கெஞ்சினேன். பதிலாக ஒரே ஒரு வரியை நகலெடுத்து அனுப்பினார்கள். "யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம்." நான் எழுதிய வரி. அதை எழுதிய அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? டீச்சரைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இப்போது அதை வேறொருவர் எனக்குப் படித்துக் காட்டுகிறார்.

இன்னமும் கொடுப்பது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை, அக்கா. உனக்காகக்கூட அப்படிச் சொல்ல முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. ஆனால் கேட்க வேண்டாம் என்று எழுதிப் பழகி, கேட்பது என்ற ஒன்றையே மறந்துவிட்டேன். உலகத்தில் யாரிடம் கேட்காவிட்டாலும் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

ரொம்பத் தாமதம்தான். இருந்தாலும் இப்போது கேட்கிறேன். முடியாது என்று நீ சொல்லலாம், சொன்னால் என்னோடு உழைக்கிறவர்கள் எல்லோருக்கும் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், அதற்குத் தயாராகத்தான் கேட்கிறேன்.

அக்கா, நீ போட்ட தாலாட்டை எல்லோருக்கும் கொடுக்கட்டுமா?

உன் தம்பி

*

ஏப்ரல் 26

அன்புள்ள தம்பிக்கு,

கொடு.

நான் அவர்களுக்கு எழுதிக் கொடுத்தது இப்போது உண்மையாகிவிட்டது. நீ கேட்டாய், நான் சரி என்றேன். தேதி மட்டும்தான் தப்பு.

அக்கா